முதலில் உப்பைப் பார்

அந்த அக்ரோபோராப் பவளத்தின் எலும்புக்கூட்டை நான் இன்னும் என் கடல்நீர்த் தொட்டியை விட்டு எடுக்கவில்லை. கைவிரலை விரித்த மாதிரி எட்டுக் கிளைகள். உயிரோடு இருந்தபோது உடம்பு பச்சையாகவும் நுனிகள் ஊதாவாகவும் இருக்கும். விளக்கு அணைகிற நேரத்தில் கிளை முழுக்கப் பூனைமுடி போல உணர்கொம்புகள் வெளியே வரும். வாங்கும்போது என் கட்டைவிரல் அளவு. பதினான்கு மாதத்தில் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தது. ஐந்தே நாளில் செத்துப்போனது. நோய் எதுவும் வரவில்லை. நீரைச் சரிசெய்கிறேன் என்று நான் செய்த காரியம்தான் அதைக் கொன்றது. இந்தக் கட்டுரை எழுத அதுதான் காரணம்.

நான் இருப்பது சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் ஒரு வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீட்டில். கூடத்தில் மூன்றடித் தொட்டி, அதன் கீழ் அலமாரிக்குள் சம்ப், அதாவது நீரைச் சுத்திகரிக்கும் கீழ்த்தொட்டி. முதன்முதலாக நீர் நிரப்பியபோது 20 லிட்டர் கேனில் கலந்து கலந்து ஊற்றினேன், சரியாகப் பத்துக் கேன் பிடித்தது. பாறை, மணல் போக உண்மையில் உள்ள நீர் 200 லிட்டர். இந்த எண்ணை அன்றே எழுதிவைத்தது நல்லதாகப் போயிற்று. தொட்டியின் நீள அகல உயரத்தைப் பெருக்கி வருகிற கணக்கு வேறு, உள்ளே இருக்கிற நீர் வேறு. மருந்தானாலும் உப்பானாலும் உள்ளே இருக்கிற நீருக்குத்தான் அளக்க வேண்டும்.

இனி அந்த வாரத்துக் கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வழக்கம்போல நீரைச் சோதித்தேன். கேஹெச் (நீரின் காரத்தன்மை, டிகிரியில்) 6.2. கால்சியம் 365. மெக்னீசியம் 1140. மூன்றுமே குறைவு. இயற்கைக் கடல்நீரில் கேஹெச் ஏறத்தாழ 7, கால்சியம் 410-லிருந்து 420, மெக்னீசியம் 1280-லிருந்து 1300 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). தொட்டி வைத்திருக்கும் பலர் கேஹெச் 8, 9 என்று சற்றுக் கூடவே வைப்பார்கள். பவளம் பசியோடு இருக்கிறது, நான் போதுமான அளவு போடவில்லை என்று நினைத்தேன். மூன்று இரவில் மூன்றையும் ஏற்றினேன். கேஹெச் 9, கால்சியம் 430, மெக்னீசியம் 1350. சோதனைக் குப்பிகள் எல்லாம் நான் கேட்ட எண்ணைக் காட்டின. நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை காலையில் அக்ரோபோராவின் நுனிகள் வெள்ளையாக இருந்தன. வளரும் நுனி வெளுப்பாகத்தான் இருக்கும் என்பதால் முதலில் சந்தோஷப்பட்டேன். மாலையில் பார்த்தால் அந்த வெள்ளை கீழே இறங்கியிருந்தது. தோல் உரிந்து நூல்நூலாக நீரோட்டத்தில் ஆடியது. வெள்ளிக்கிழமை பாதிக் கிளை எலும்பு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் மிச்சமில்லை.

ஈசூனில் இருக்கும் ஓர் அண்ணன், எனக்குப் பத்து வருடம் முன்பே பவளம் வளர்க்கத் தொடங்கியவர். அவரை அழைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"உப்பு பாத்தியா தம்பி?"

"பாத்தேன்ணே. முப்பத்தஞ்சுதான் காட்டுச்சு."

"கருவிய எத வச்சு சரிபண்ண?"

"ஆர்ஓ தண்ணி ஊத்தி பூஜ்ஜியத்துல வச்சேன்."

"சரி, சாயந்தரம் வரேன். ஒண்ணையும் தொடாத."

வரும்போது சின்னக் குப்பி ஒன்று கொண்டுவந்தார். உப்புத்தன்மை 35 என்று முத்திரையிட்ட அளவீட்டுத் திரவம். ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு, கடல்நீரின் அளவு அது. உப்பு அளக்கும் கருவியான என் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மூடியைக் கவிழ்த்து, அரை நிமிடம் பொறுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணை வைத்தார். பிறகு எதுவும் பேசாமல் என்னிடம் நீட்டினார். நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 39-ஐத் தாண்டி நின்றது. திருகைத் திருப்பி 35-ல் வைத்தார். அப்புறம் என் தொட்டி நீரில் இரண்டு சொட்டு. 31.

பூஜ்ஜியத்தில் சரியாக நிற்கிற கருவி 35-ல் சரியாக நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தராசு வெறுந்தட்டில் சரியாக இருந்து, ஒரு கிலோ எடை வைத்தால் பிசகுவது போலத்தான். நாம் எந்த இடத்தில் அளக்கிறோமோ அந்த இடத்தில் சரிபார்க்க வேண்டும். உப்பு நீக்கிய ஆர்ஓ நீரை வைத்துப் பார்த்த பார்வை எனக்கு எதையும் சொல்லவில்லை.

அண்ணன் என் நோட்டை வாங்கி, பேனாவால் மூன்று வரி எழுதினார். 6.2-ஐ 31-ஆல் வகுத்து 35-ஆல் பெருக்கினால் 7.0. அதேபோல 365 என்பது 412. 1140 என்பது 1287. அதாவது இயற்கைக் கடல்நீரின் எண்கள், அப்படியே. என் தொட்டியில் எதுவுமே குறையவில்லை. நீர் கொஞ்சம் நீர்த்திருந்தது, அவ்வளவுதான்.

இதன் பின்னால் ஒரு பழைய கண்டுபிடிப்பு இருக்கிறது. சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகப் பெருங்கடல்களைச் சுற்றி வந்தது. அது திரட்டிய நீரில் 77 மாதிரிகளை வேதியியலாளர் வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்து 1884-ல் முடிவை வெளியிட்டார். கடலுக்குக் கடல் உப்பின் அளவு கூடலாம், குறையலாம். ஆனால் அந்த உப்புக்குள் சோடியம், மெக்னீசியம், கால்சியம், குளோரைடு ஆகியவை ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை. ரசத்தில் ஒரு செம்பு நீரைக் கூட ஊற்றினால் புளியும் உப்பும் காரமும் சேர்ந்தே குறையும். புளி மட்டும் குறையாது. தொட்டியில் மூன்று எண்ணும் ஒரே விகிதத்தில் இறங்கினால், பார்க்க வேண்டியது உப்பைத்தான். நான் குறைந்த மூன்றையும் தனித்தனியாகக் கூட்டினேன். ரசம் நீர்த்திருக்கும்போது பெருங்காயத்தை மட்டும் அள்ளிப் போட்டது போல ஆயிற்று.

அதற்குப் பின்னும் சிக்கல் தீரவில்லை. உப்பை 35-க்குக் கொண்டுவரத்தான் வேண்டும். கொண்டுவந்தால், நான் ஏற்றிவைத்த கால்சியம் 485 ஆகும், மெக்னீசியம் 1520-ஐத் தாண்டும், கேஹெச் 10. தொட்டியின் மற்றப் பவளங்களில் பாதி இன்னும் உயிரோடு இருந்தது. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். ஆவியாகிப் போகும் நீருக்குப் பதிலாக நன்னீர் விடாமல் உப்புநீரை விட்டேன். இடையிடையே 20 லிட்டராக நீர் மாற்றினேன். ஒரு நாளில் எதையும் சரிசெய்யவில்லை. மோன்டிபோரா என்ற பவளமும் டார்ச் பவளமும் பிழைத்தன.

இனிமேல் டோசிங், அதாவது பவளம் நீரிலிருந்து எடுப்பதை நாள்தோறும் அளந்து திரும்பப் போடுவது. இதை எனக்கு யாராவது இந்த வரிசையில் சொல்லியிருக்கலாம் என்று நான் நினைக்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

கல்பவளத்தின் எலும்பு கால்சியம் கார்பனேட். அதைக் கட்ட நீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுக்கிறது. கேஹெச் என்று நாம் அளப்பது பெரும்பாலும் இந்தப் பைகார்பனேட்டைத்தான், சரியான பெயர் காரத்தன்மை. எடுக்கும் விகிதம் பவளத்தின் விருப்பம் அல்ல, வேதியியல் வகுத்தது: கேஹெச் 1 டிகிரி இறங்கும்போது கால்சியம் 7 பிபிஎம் இறங்கும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்தால் பாதிக் குழப்பம் போய்விடும். 8 டிகிரியில் 3 இறங்கினால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதே வேளையில் கால்சியம் 420-லிருந்து 399-க்குத்தான் வந்திருக்கும். சோதனைப் பெட்டியின் பிழையே அவ்வளவு இருக்கும். "கேஹெச் விழுகிறது, கால்சியம் அப்படியே இருக்கிறது, ஏன்?" என்று புதிதாகத் தொடங்குகிறவர் எல்லோரும் கேட்பார்கள். இரண்டும்தான் இறங்குகின்றன. கால்சியம் வீட்டில் இருக்கும் அரிசி மூட்டை, ஒரு படி எடுத்தால் தெரியாது. கேஹெச் பால், அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்குத் தீர்வது.

அதனால் அடிக்கடி அளக்க வேண்டியது கேஹெச். கால்சியம் வாரம் ஒருமுறை போதும். மெக்னீசியத்தை நான் மாதம் ஒருமுறை பார்க்கிறேன். பவளம் அதைக் கொஞ்சமாகத்தான் எடுக்கும். ஆனால் அது குறைந்தால் மற்ற இரண்டையும் நிறுத்திவைக்க முடியாது. கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் கரைந்து நிற்கக்கூடிய எல்லைக்கு மேலேயே இருக்கின்றன. அவை ஒன்று சேர்ந்து படிகமாக வளர முயலும்போது மெக்னீசியம் அந்தப் படிகத்தின் மேல் போய் உட்கார்ந்து வளர்ச்சியைத் தடுக்கிறது. மெக்னீசியம் இறங்கினால் நாம் போடுவதெல்லாம் பவளத்துக்குப் போகாமல் பம்பிலும் குழாயிலும் வெள்ளையாகப் படியும், வெந்நீர்க் கெண்டியின் அடியில் படிவது போல.

கேஹெச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எல்லாக் கணக்கும் இந்தக் குப்பியின் மேல் நிற்கிறது. நான் செய்வது சொட்டுச் சோதனை. 4 மி.லி. தொட்டி நீர், அதில் சாயம். நீர் நீலப்பச்சையாக மாறும். பிறகு 1 மி.லி. சிரிஞ்சில் அமிலத்தை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிரிஞ்சின் உள்ளே ரப்பருக்கும் திரவத்துக்கும் நடுவே ஒரு காற்றிடைவெளி இருக்கும். புதியவர்கள் அதைப் பார்த்துப் பதறி மறுபடி உறிஞ்சுவார்கள். அது சிரிஞ்சின் முனையில் உள்ள காற்று, இருந்துவிட்டுப் போகட்டும். படிக்க வேண்டியது கறுப்பு ரப்பரின் விளிம்பை, திரவத்தின் விளிம்பை அல்ல. ஒவ்வொரு சொட்டுக்கும் குப்பியைச் சுழற்றுகிறேன். சொட்டு விழும் இடத்தில் ஒரு நொடி இளஞ்சிவப்பு தோன்றி மறையும். அது மறையத் தாமதமாகும்போது இன்னும் இரண்டு மூன்று சொட்டுதான் பாக்கி என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு சொட்டில் நீலம் போய்ச் சாம்பல் போல ஒரு நிறம் வரும். அடுத்த சொட்டில் சிவப்பு. நான் நிறுத்துவது அந்தச் சிவப்பில். நீங்கள் சாம்பலில் நிறுத்தினாலும் குற்றமில்லை. என்றைக்கும் அதே இடத்தில் நிறுத்துங்கள். அதே விளக்கின் கீழ், அதே வெள்ளைத் தாளை வைத்து, அதே நேரத்தில். எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவாள். "அப்பா, செவப்பு வந்துருச்சு" என்று பல நாள் எனக்கு முன்னால் அவள்தான் சொல்வாள், குழந்தைக் கண்.

இதைத் தானாகச் செய்யும் டோசர் பம்பை வாங்குவதற்கு முன்னால் மூன்று நாள் எதையும் போடாமல் இருங்கள். எண்கள் நல்ல நிலையில் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். என் தொட்டியில் முதல் நாள் 8.4, அடுத்த நாள் 7.7, அதற்கடுத்து 7.0. ஆக ஒரு நாள் செலவு 0.7. தொட்டியின் பசி அவ்வளவு. வேறொருவருடைய தொட்டிக்கு அவர் போடும் அளவு உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது. அவரிடம் இருபது கிளைப் பவளம் இருக்கும், உங்களிடம் மூன்று மென்பவளம் இருக்கும்.

இப்போது சமையல் கணக்கு. 100 லிட்டரில் கேஹெச்சை 1 டிகிரி ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். ஆப்பசோடா என்று நம் வீடுகளில் இருக்கும் அதே பொருள்தான், வேறொன்றும் கலக்காத சுத்தமான வகை. 200 லிட்டருக்கு 0.7 என்றால் 4.2 கிராம். கால்சியம் அதற்கு இணையாக ஒரு நாளைக்கு 5 பிபிஎம், அதாவது 1 கிராம் கால்சியம், அதற்கு 3.7 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்.

கரைசலை நான் இப்படிச் செய்கிறேன். ஒரு பாட்டிலில் 84 கிராம் பைகார்பனேட்டைப் போட்டு ஆர்ஓ டிஐ நீரால் (கரைந்ததெல்லாம் நீக்கிய சுத்த நீர்) ஒரு லிட்டராக நிரப்புகிறேன். இன்னொன்றில் 73.5 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், அதுவும் ஒரு லிட்டர். இந்த இரண்டு எண்களும் விளையாட்டாக வந்தவை அல்ல. இப்படிக் கலந்தால் இரண்டு பாட்டிலிலிருந்தும் ஒரே அளவு மில்லிலிட்டர் போட்டால் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் திரும்பப் போகும். எனக்கு நாளைக்கு 50 மி.லி. வர வேண்டும். 48-ல் தொடங்கினேன். மணிக்கு 2 மி.லி. என்று 24-ஆகப் பிரிக்க வசதி, தவிர முதலில் சற்றுக் குறைவாக இருப்பதே நல்லது. கேஹெச் பாட்டில் மணி அடிக்கும்போது, கால்சியம் பாட்டில் அரைமணிக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விட்டால் அங்கேயே ஒன்று சேர்ந்து பால் போலக் கலங்கும். போட்டதெல்லாம் சுண்ணாம்பாகி அடியில் கிடக்கும்.

டோசர் என்பது உருளைகள் மெல்லிய குழாயைப் பிசைந்து நீரைத் தள்ளுகிற சிறு மோட்டார். அதைப் பொருத்துகையில் என் கையில் பட்டுத் தெரிந்துகொண்டவை சில. குழாயின் முனை சம்ப் நீரைத் தொடக் கூடாது. மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே, நீர் சுழித்து ஓடும் இடத்துக்கு நேராகத் தொங்க வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் கேஹெச் குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்குக் கட்டி அடைத்துவிடும். பாட்டில் குழாய்முனையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உருளை தேய்ந்துவிட்டால் பாட்டில் தானாக வடிந்து உள்ளே போகாதிருக்க அதுதான் காப்பு. பாட்டிலை முழுக்க நிரப்புவதையும் நான் விட்டுவிட்டேன். ஒரு லிட்டரும் ஒரே இரவில் கொட்டினால் என் தொட்டியில் கேஹெச் 14 டிகிரி ஏறும், எதுவும் பிழைக்காது. பத்து நாளைக்கு அரை லிட்டர் போதும்.

பம்ப் சொன்ன அளவைத்தான் கொடுக்கும் என்று நம்பவும் கூடாது. 10 மி.லி. என்று கட்டளை கொடுத்து அளவுக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். ஆறு மாதம் ஓடிய பிறகு என்னுடையது 8.6 கொடுத்தது. குழாய் நசுங்கித் தளர்ந்துவிட்டது. அந்த மாதம் முழுக்கக் கேஹெச் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பவளம் அதிகம் தின்கிறது என்று எண்ணி அளவைக் கூட்டிக்கொண்டே போயிருந்தேன். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை அளவுக் குப்பி வெளியே வந்துவிடும்.

எண் குறைந்திருந்தால் ஒரு நாளில் அரை டிகிரிக்கு மேல் ஏற்றுவதில்லை. பவளத்துக்கு 7.5-லும் வாழத் தெரியும், 9-லும் வாழத் தெரியும். ஒரு ராத்திரியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போடுவதைத்தான் தாங்காது.

இந்த முறையில் மறைவாக ஒன்று சேர்ந்துகொண்டே போகும். சோடியம் பைகார்பனேட்டின் சோடியமும் கால்சியம் குளோரைடின் குளோரைடும் பவளத்துக்கு வேண்டாதவை. அவை நீரில் தங்கிச் சாதாரணச் சமையலுப்பாகின்றன. என் அளவில் மாதத்துக்கு லிட்டருக்கு 0.4 கிராமுக்குச் சற்று மேல். நீர் மாற்றாமல் ஒன்பது பத்து மாதம் விட்டால் 35 இருந்த இடத்தில் 39 இருக்கும். டிட்மார் சொன்ன விகிதமும் கலைந்திருக்கும். ஜெர்மனியின் ஹான்ஸ் வெர்னர் பாலிங் வகுத்த முறையில் இதற்காகவே மூன்றாவதாக ஒரு பாட்டில் உண்டு: சோடியம் குளோரைடு மட்டும் இல்லாத கடலுப்பு. அதைச் சேர்த்தால் மிஞ்சிய சமையலுப்போடு கூடி முழுக் கடல்நீராகிவிடும். விகிதம் காக்கப்படும், உப்பு ஏறத்தான் செய்யும், கொஞ்சம் எடுத்துவிட வேண்டும். நான் வாரம் 20 லிட்டர் மாற்றுகிறேன், எனக்கு அது போதுகிறது. எந்த முறையானாலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் அந்த ரிஃப்ராக்டோமீட்டர்தான்.

அடுத்து பிஹெச். இதற்காக நான் பட்ட பாடு வீண் என்று இப்போது தெரிகிறது. எங்கள் கூடத்தில் பகலில் 8.1, விடியற்காலை 7.8. கேஹெச் சரியாக இருந்தும் ஏன் இறங்குகிறது? ராத்திரி ஜன்னல்களைச் சாத்தி ஏர்கான் போட்டு நால்வர் தூங்குகிறோம். எங்கள் மூச்சின் கரியமிலவாயு வீட்டுக்குள்ளேயே நிற்கிறது, நீரில் கரைகிறது. இருட்டில் பவளத்துக்குள் இருக்கும் பாசியும் அதை எடுத்துக்கொள்வதில்லை. பிஹெச் ஏற்றும் மருந்து எதையும் ஊற்றாமல், ஸ்கிம்மர் (நுரையாக்கி அழுக்கை எடுக்கும் கருவி) காற்று உறிஞ்சும் குழாயை நீட்டி ஜன்னல் வழியாக வெளியே விட்டேன். விடியற்காலை எண் 7.95 ஆயிற்று. பைகார்பனேட்டை அடுப்பில் 150 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வறுத்தால் சோடியம் கார்பனேட் ஆகும். அதைப் போட்டாலும் பிஹெச் சற்று ஏறும். அதை எடைபோட்டு எடுக்கும்போது 3 கிராமுக்குப் பதில் 1.9 கிராம் என்பதை மறக்க வேண்டாம்.

எனக்கு மனத்துக்கு நெருக்கமான முறை வேறொன்று. ஜெர்மன் மொழியில் கால்க்வாசர் என்பார்கள், பொருள் சுண்ணாம்பு நீர். பீட்டர் வில்கன்ஸ் 1970-களில் ஐரோப்பியத் தொட்டிக்காரர்களிடையே பரப்பியது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் கரியமிலவாயுவைச் செலுத்தினால் பால் போல மாறும் என்று பள்ளியில் நாம் மனப்பாடம் செய்தோமே, அதே நீர். கால்சியத்தையும் காரத்தன்மையையும் சரிவிகிதத்தில் தரும், கூடவே கரியமிலவாயுவை உறிஞ்சிப் பிஹெச்சை ஏற்றும். சமையலுப்பு மிஞ்சாது. ஆவியாகும் நீருக்குப் பதிலாக இதை விடலாம். என் தொட்டியில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது. அதில் ஒன்றேகால் லிட்டர் நிறைவுற்ற சுண்ணாம்பு நீராக இருந்தாலே 0.7 டிகிரி கிடைத்துவிடும். நான் அதைத் தனியாக நம்பாததற்குக் காரணம், அதன் பிஹெச் 12-க்கு மேல். நீர்மட்டத்தைப் பார்க்கும் மிதவை ஒரு இரவு சிக்கிக்கொண்டு கேன் முழுவதும் உள்ளே போனால் தொட்டி வெளுத்துவிடும். கையில் பட்டாலும் கண்ணில் பட்டாலும் ஆபத்து. சிறு பம்பில் இரவு மட்டும் அரை லிட்டர் விடுகிறேன். அதற்கு ஈடாக இரண்டு பாட்டிலின் அளவையும் குறைத்துக்கொண்டேன்.

அந்தத் தெளிநீரை வடிக்கும்போதெல்லாம் தூத்துக்குடி நினைவு வரும். எனக்குச் சொந்த ஊர் அதுதான். மன்னார் வளைகுடாவில் பவளக்கல்லை வெட்டிவந்து காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காலம் ஒன்று இருந்தது. அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று நீருக்குள் இருக்கின்றன. சுற்றியிருந்த பவளத்தை வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணம். பவளத்தைச் சுட்டால் சுண்ணாம்பு, சுண்ணாம்பைக் கரைத்து ஊட்டினால் பவளம். ஒன்றை உருவாக்க ஆகும் வருடத்தை நான் நோட்டில் மில்லிமீட்டராக எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் அந்தச் சுண்ணாம்பு மூட்டைகளின் கணக்கு எனக்கு வலிக்கிறது. தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கல்பவளங்கள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அங்கே எடுக்கவும் விற்கவும் வாங்கவும் கூடாது. இங்கே நான் வைத்திருப்பவை தொட்டியில் வளர்ந்த பவளங்களிலிருந்து உடைத்துக் கைமாறிய துண்டுகள்.

அக்ரோபோரா ஏன் செத்தது என்ற கேள்விக்கு உப்பு மட்டும் பதில் அல்ல. அந்த வாரம் நைட்ரேட் பூஜ்ஜியம், பாஸ்பேட் பூஜ்ஜியம். அதைச் சுத்தம் என்று நினைத்து மகிழ்ந்திருந்தேன். பவளத்தின் தோலுக்குள் வாழும் பாசிக்கும், பவளத்துக்குமே, நைட்ரஜனும் பாஸ்பரசும் உணவு. அவை இல்லாமல் பட்டினி கிடக்கும் உயிருக்குக் கேஹெச்சை மட்டும் ஏற்றினால் எலும்பு கட்டும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காது, நுனி கருகும் என்பது என் அனுபவம். வளர்க்கும் பலர் சொல்வதும் அதுவே. இப்போது நைட்ரேட்டை 5 பிபிஎம், பாஸ்பேட்டை 0.05 அருகில் வைத்திருக்கிறேன். அதற்காகக் கூடச் செய்தது ஒன்றுமில்லை, மீன்களுக்கு இன்னொரு வேளை சாப்பாடு. அவை சாப்பிட்டுக் கழித்தது பவளத்துக்கு.

கேஹெச் 8.0, கால்சியம் 420, மெக்னீசியம் 1300. கடந்த ஏழு மாதமாக நோட்டில் இந்த எண்களை ஒட்டியே எல்லாப் பக்கமும் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி உப்பு. அண்ணன் அன்று விட்டுப்போன குப்பி தீர்ந்து மூன்றாவது குப்பி நடக்கிறது.

போன மாதம் 8.0 என்பது மெதுவாக 7.9, 7.8 என்று இறங்கியது. உப்பைப் பார்த்தேன், 35. பம்பை அளந்தேன், 10-க்கு 10. பிறகுதான் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பச்சை மோன்டிபோரா பாறையில் படர்ந்து வந்து, செத்த அக்ரோபோராவின் அடிப்பாகத்தைத் தொட்டு ஏறியிருந்தது. விளிம்பில் நகத்தின் பிறை போல வெள்ளைக் கோடு, நாலு மில்லிமீட்டர் இருக்கும். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்கேலைக் கொண்டுவந்து கண்ணாடியில் வைத்து அளந்து எழுதினாள். அன்று இரவு இரண்டு பாட்டிலுக்கும் நாளளவில் 8 மி.லி. கூட்டினேன்.